செல்லாத முப்பத்தெட்டு

ஒரு ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம் இருந்தது. உப்பளத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் திரும்பினால் வலது கைப்பக்கம் வரும். அந்தப் பள்ளிக்கூடத்தில் பொருட்கள் பேசும். மனிதர்கள் கேட்பார்கள், பதிலும் சொல்வார்கள். அங்கே யாரும் அதை அதிசயமாக நினைத்ததில்லை.

ஒரு வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பெற்றோர்களில் பாதிப் பேர் உப்பளத்துக்கும் மீதிப் பேர் மீன் கம்பெனிக்கும் விடியும் முன்பே வேன் ஏறிப் போகிறவர்கள். கூட்டம் போட்டால் ஆள் சேராது. அதனால் தலைமையாசிரியை தமயந்தி டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பொருட்களே போட்டி போடட்டும். ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைங்க ஓட்டுப் போடட்டும். யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க சொல்ற வேலை இந்த வருஷம் முதல்ல நடக்கும். ஒரே ஒரு வேலைதான். யோசிச்சுப் போடுங்க" என்றார்.

மூன்று பேர் நின்றார்கள்.

முதலாவது, வாசலில் நிற்கும் இரும்புக் கேட். ஆள் ஆஜானுபாகு. பச்சை பெயின்ட். மேலே ஒரு இடத்தில், நடுவில் ஒரு இடத்தில், தரையில் இறங்கும் கம்பியில் ஒரு இடத்தில் என்று மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, வராந்தா உத்தரத்தில் தொங்கும் மணி. பிறப்பால் அது தண்டவாளத் துண்டு. ரயிலைத் தாங்கிய பரம்பரை என்று அதற்கு எப்போதும் ஒரு நினைப்பு. மூன்றாவது, மைக். தொண்டை கொஞ்சம் கரகரப்பு, ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தாது.

தம்ளர் நிற்கவில்லை. வராந்தாவின் ஓரத்தில் தண்ணீர் டிரம்மோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கும் எவர்சில்வர் தம்ளர் அது. நிற்கச் சொல்லி யாரும் அதைக் கேட்கவுமில்லை.

தம்ளருக்கு வேறொரு கவலை இருந்தது. கொஞ்ச நாளாகப் பெண்பிள்ளைகள் அதைத் தொடுவது குறைந்துகொண்டே வந்தது. தொட்டாலும் கால் தம்ளர். நாக்கை நனைத்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பொன்சுபா மூன்று வாரமாகப் பக்கத்திலேயே வரவில்லை. பையன்கள் மட்டும் மொண்டு மொண்டு குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள்.

டிரம் இருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவு தெரியும். தம்ளர் அதனிடம் கேட்டது.

"ஏன் கதவக்கா, பிள்ளைங்களுக்கு என் மேல ஏதும் கோபமா?"

கதவு காற்றில் ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"உன் மேல இல்ல தம்பி. என் தாப்பா கழண்டு விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஸ்க்ரூ இருந்த இடத்துல நாலு ஓட்டைதான் மிச்சம். கடல் காத்து அடிச்சா நானே திறந்துக்கிடுதேன். வேணும்னு செய்யல. நிக்க முடியல."

"அப்போ பிள்ளைங்க என்ன செய்யுது?"

"ஜோடி ஜோடியா வரும். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி என்னைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பொன்சுபாவுக்கு அபிஷா பிடிப்பா. அபிஷா வீட்டாளுங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க."

"வேற யாரையும் கூப்பிடலாமே?"

"எல்லாருக்கும் ஜோடி இருக்கு. நீ வந்து பிடின்னு இன்னொருத்திகிட்ட கேக்க அந்தப் பிள்ளைக்குக் கூச்சம். வகுப்பு சார்கிட்ட எப்படிச் சொல்லும்? அதனால இங்க வாரதே இல்ல. இங்க வரக்கூடாதுன்னா அங்க உன்கிட்டயும் வரக்கூடாதுல்லா?"

தம்ளரின் சங்கிலி லேசாக ஆடியது. காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நாலேகால் வரை. அது மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணியிருக்க வேண்டாம் என்று நினைத்தது.

வெள்ளிக்கிழமை பிரசாரக் கூட்டம். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கேட் முதலில் பேசியது. "என்னுடைய முன்னுரிமை பாதுகாப்பு. மூணு இடத்துல மாட்டினா யானை வந்தாலும் நான் திறக்க மாட்டேன். ஆனா ரோட்டுல போறவனுக்கு இது பள்ளிக்கூடமா பண்டகசாலையான்னு தெரியல. எனக்கு மேல ஒரு ஆர்ச் கட்டணும். அதுல பேர் எழுதணும்."

"ஆர்ச் கட்டினா நீ கல்யாண மண்டபம் மாதிரி இருப்பே" என்றது மணி. "பிள்ளைங்களா, ஒழுங்குன்னா நேரம். நேரம்னா நான். எனக்கு ஒரு சின்னக் கோபுரம் போதும். நான் அடிச்சா உப்பளம் வரைக்கும் கேக்கணும்."

"நீங்க அடிக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும், அண்ணாச்சி. எனக்கு ஸ்விட்ச் போதும்" என்றது மைக். "ஆண்டு விழாவுக்கு மேடை, ரெண்டு பெரிய ஸ்பீக்கர். பிள்ளைகளோட குரலை ஊருக்கே கேட்க வைப்பேன். அதுதான் என் முன்னுரிமை."

பையன்கள் கைதட்டினார்கள். தமயந்தி டீச்சர், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார்.

வராந்தா ஓரத்தில் சங்கிலி கலகலத்தது.

"எனக்கு ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றது தம்ளர். "கேட்டு அண்ணாச்சி, பாதுகாப்புன்னு சொன்னீங்க. பின்பக்கத்துக் கதவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"பின்பக்கமா? அங்க காம்பவுண்டுச் சுவர் இருக்குல்லா. யார் வரப் போறா?"

"வெளிய இருந்து வாரதைச் சொல்லல அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளைங்க தண்ணியே குடிக்கிறதில்ல…"

"தாகம் இல்லன்னா குடிக்காது. டிரம்முல தண்ணி மிச்சம்தானே, தம்பி" என்றது கேட். சிரிப்பு எழுந்தது.

தம்ளர் மறுபடி வாயெடுத்தபோது மணிக்குத் தன் கடமை நினைவு வந்துவிட்டது. சரியாக மூன்று மணி. அது டாங் டாங் என்று அடித்தது. கேள்வி நேரம் முடிந்தது.

திங்கட்கிழமை ஓட்டு. பழைய நோட்டுகளைக் கிழித்துச் சீட்டு நறுக்கியிருந்தார்கள். சிக்கனமாக நறுக்கியதில் ஒவ்வொரு சீட்டும் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. பெட்டிக்கு முன்னால் பெண்பிள்ளைகள் ஒரு வரிசை, பையன்கள் ஒரு வரிசை.

பொன்சுபா வரிசையின் முன்னால் நின்றாள். பின்னால் நின்றவள் அவள் தோளைச் சுரண்டினாள்.

"ஏட்டி, கேட்டுக்கா, மணிக்காட்டி? யாருக்குப் போட?"

பொன்சுபா திரும்பாமலே சொன்னாள். "யாரு பேரையும் எழுதலட்டி. நமக்கு எது வேணுமோ அதைத்தான் எழுதப் போறேன்."

"எதை?"

பொன்சுபா அந்தச் சொல்லைக் காதோடு காதாகச் சொன்னாள். கேட்டவள் அதைத் தனக்குப் பின்னால் நின்றவள் காதில் சொன்னாள். வரிசையின் கடைசிவரை அது போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

சீட்டு ஒடுக்கமாக இருந்ததால் 'தா' மேலேயும் 'ப்பா' கீழேயுமாக எழுத வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, பிரார்த்தனை முடிந்த கையோடு எண்ணிக்கை. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். வராந்தாவில் தமயந்தி டீச்சர் சீட்டைப் பிரித்துக் காட்ட, மைக் வாசித்தது.

"கேட். மணி. கேட். மைக், நன்றி நன்றி. கேட்."

அடுத்த சீட்டில் மைக் ஒரு நொடி தயங்கியது. மேல் வரியை வாசித்தது, கீழ் வரியை வாசித்தது.

"தா… ப்பா."

மைதானம் குபீரென்று சிரித்தது.

"ஓட்டுக் கேக்குற நம்மளே இவ்வளவு பச்சையா 'தா ப்பா, தா ப்பா'ன்னு கேக்கலையே" என்றது மணி.

"யாரோ ஒரு பிள்ளை மிட்டாய் கேட்டிருக்கு. அவங்கப்பன்கிட்ட கேக்க வேண்டியது, பெட்டி மாறி விழுந்துட்டு" என்றது கேட்.

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வேட்பாளர் பேர் இல்லையா? செல்லாது. தனியா வச்சிடலாம்."

அடுத்த சீட்டும் அதுதான். "தா… ப்பா." அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் மைக் இன்னும் கொஞ்சம் இழுத்தது. பிச்சை கேட்பவன் குரலில் ஒரு தடவை, சினிமா வில்லன் குரலில் ஒரு தடவை. பையன்கள் கூடவே சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பொன்சுபா கையைப் பாதி தூக்கினாள். பக்கத்து வரிசையிலிருந்து ஒருவன் "தா… ப்பா" என்றான். கை இறங்கிவிட்டது.

வராந்தா ஓரத்தில் தம்ளர் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தது. "டீச்சர், அது தா ப்பா இல்ல டீச்சர், ஒரே சொல்லு…" சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை.

முடிவு வந்தது. கேட் பத்தொன்பது. மணி பதின்மூன்று. மைக் பதினொன்று.

"செல்லாதது?" என்று கேட்டது தம்ளர்.

டீச்சர் தனியே வைத்த சீட்டுக்கட்டை எண்ணினார். "முப்பத்தெட்டு" என்றார். சொன்ன பிறகு அவர் புருவம் லேசாகச் சுருங்கியது.

"செல்லாததை எதுக்கு எண்ணிக்கிட்டு?" என்றது கேட். "வெற்றிவிழா உரை இருக்கு. முடியுற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது. வாசல்ல நான் மூணு இடத்துலயும் மாட்டிக்கிட்டேன், இடையில யாரும் எந்திரிச்சுப் போக முடியாது."

உரை தொடங்கியது. ஆர்ச்சின் உயரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்பிள்ளைகள் வரிசையில் பொன்சுபா மடங்கி விழுந்தாள்.

அவளைத் தூக்கி வந்து வராந்தா பெஞ்சில் கிடத்தினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். தமயந்தி டீச்சர் தம்ளர் நிறைய மொண்டு, சங்கிலி எட்டும் மட்டும் இழுத்து, அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

பொன்சுபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம் டீச்சர்."

"உதடு வெடிச்சிருக்கு. ஒரு மடக்காவது குடிம்மா."

"வேண்டாம் டீச்சர். இன்னும் சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

டீச்சருக்குப் புரியவில்லை. போன் போட்டுச் சொன்னார்கள். அவள் அம்மா முப்பிடாதி மீன் கம்பெனியிலிருந்து அப்படியே வந்தாள். தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். மகளைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி கொதித்தது.

"நீ இன்னிக்கும் குடிக்கலையாட்டி?"

பொன்சுபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியாச்சு டீச்சர்" என்றாள் முப்பிடாதி. "நீர்க்கடுப்பு, காய்ச்சல். நல்லாத் தண்ணி குடிக்கணும்னு டாக்டரம்மா எழுதியே குடுத்தாக. வீட்ல குடிக்குது. இங்க வந்தா வாயைத் திறக்க மாட்டேங்குது."

"ஏன்மா? டிரம்முல தண்ணி இருக்கே."

முப்பிடாதி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"தாப்பா இல்ல டீச்சர்" என்றாள்.

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தச் சொல் அதன் தொண்டை வழியாக, இந்தத் தடவை உடையாமல் முழுசாக, மைதானத்தின் நாலு மூலைக்கும் போயிற்று.

ஒருவரும் சிரிக்கவில்லை. சற்று முன் கூடவே சேர்ந்து சொன்ன பையன்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மணி ஆடாமல் தொங்கியது. மைக் காலையிலிருந்து தான் எத்தனை தடவை அதைச் சொன்னோம், என்னென்ன குரலில் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தது.

தமயந்தி டீச்சர் மேசையில் கிடந்த செல்லாத சீட்டுக்கட்டை எடுத்தார். ஒரு சீட்டு. மேலே 'தா', கீழே 'ப்பா'. அடுத்த சீட்டு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. சிலதில் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. பதினைந்தாவது சீட்டோடு அவர் கை நின்றுவிட்டது. அவர் இடுப்புச் சாவிக்கொத்தில் ஆசிரியைகள் கழிவறையின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"முப்பிடாதி, உட்காருங்க. இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு…"

"எத்தனை ரூபாய்ப் பொருளு டீச்சர் அது" என்றாள் முப்பிடாதி. குரலை உயர்த்தவில்லை. "சொல்லியிருந்தா நானே வாங்கியாந்து மாட்டியிருப்பேனே. நீங்க பார்த்துக்கிடுவீகன்னு இருந்துட்டேன். இனி இவளை அனுப்பல."

"அம்மா, நான் படிக்கணும்" என்றாள் பொன்சுபா.

"உயிரோட இருந்து படி."

அவள் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்தாள். வெற்று மண்ணில் ரப்பர் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. பெண்பிள்ளைகள் வரிசை பிரிந்து வழி விட்டது. சங்கிலியின் கடைசி வளையம்வரை இழுத்துக்கொண்டு தம்ளர் பார்த்தது. அதற்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

கேட் மூடியிருந்தது. உரையில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"திற" என்றாள் முப்பிடாதி.

கேட் குனிந்து தன்னைப் பார்த்தது.

முப்பிடாதி கையை உயர்த்தி மேலே இருந்ததை இழுத்தாள். பிறகு நடுவில் இருந்ததை. பிறகு குனிந்து, தரையில் இறங்கியிருந்ததை.

மூன்று தாப்பா.