துணி சுற்றிய கால்

என்னைச் சோம்பேறி என்று முதலில் சொன்னவன் தென்னவராயன். அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவேன். கேட்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை வேங்கையரசன் ஆண்டான். நல்லவன், தலை நரைத்தவன். அவனுடைய அரண்மனை அதிகாரிதான் தென்னவராயன். நான் கூத்தன், அங்கே தண்ணீர் சுமந்தவன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு பிறக்கும் இடத்துக்கு அரசன் வெறுங்காலோடு நடந்து போவான். நாங்கள் அங்கே நீர் மொண்டு, குடத்தைத் தலையில் வைத்து, அவனோடு இறங்கி வரவேண்டும். பின்தங்கியவனின் குடத்தை அரண்மனை வாசலிலேயே உடைத்துவிடுவார்கள். அதன்பின் அவன் வீட்டில் யாரும் குடம் தூக்க முடியாது. எனக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் வேறு பிழைப்பு தெரியாது.

வழி என்று ஒன்றும் இல்லை, கோடையில் காய்ந்த ஆற்றின் கற்கள்தான்; நீர் மலைமேல் ஊற்றில் மட்டும். உருண்டைக் கல், வழுக்குக் கல், ஆடும் கல். முந்தின ஆண்டு நான் பின்தங்காமல் மயிரிழையில் தப்பினேன்.

இந்த ஆண்டு புறப்படும் முன் தென்னவராயன் என்னை மண்டபத்தில் நடக்கச் சொன்னான். பளிங்குத் தரை. வெறுங்கையோடு நடந்தேன், குடத்தோடு நடந்தேன், ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு துளி சிந்தவில்லை.

"பார்த்தீர்களா?" என்று எல்லார் முன்னும் கைதட்டினான். "காலில் ஒரு குறையும் இல்லை. கிழவனுக்கு உடம்பு முழுக்கச் சோம்பல்! இன்று பிந்தினால் உன் குடத்தை நானே உடைப்பேன்."

மலை ஏறினோம், நீர் மொண்டோம், இறங்கினோம். இளவயதில் கால் தானாகவே கல்லைப் பிடித்துக்கொள்ளும். வயதானால் கண்தான் காலுக்கு வழி சொல்ல வேண்டும். தலையில் குடம் இருந்தால் எப்படிக் குனிவது? பெருவிரலால் தட்டிப் பார்த்தேன். காலை அகட்டி வைத்தேன். நின்று நின்று நடந்தேன். மற்றவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். அரசன்!

"ஏன் நின்றுவிட்டாய், கூத்தா?"

"அடுத்த கல் ஆடுமோ என்று பார்க்கிறேன், மகாராஜா. தாங்கள்?"

"கொக்கு பார்க்கிறேன்."

"கொக்கைக் காணோமே, மகாராஜா."

அரசன் சிரித்துவிட்டான். "நானும் கல்லைத்தானடா பார்க்கிறேன்! வெளியே சொல்லாதே."

அதற்குள் தென்னவராயன் திரும்பி ஓடிவந்தான். கல்லுக்குக் கல் தாவினான். நாற்பது வயதுக் கால். "அரசரையும் நிறுத்தி வைத்துவிட்டாயா, சோம்பேறி!" என்று குடத்தில் கை வைத்தான்.

அரசன் தன் மேலாடையை நீளமாகக் கிழித்தான். "உட்கார், தென்னவராயா. இதை இரண்டு காலிலும் சுற்று. மேலும் சுற்று. இன்னும் சுற்று."

சுற்றினான். பாதம் இரண்டும் தலையணை போல ஆயின.

"இப்போது கூத்தனின் குடத்தை எடுத்துக்கொண்டு நட."

முதல் கல்லில் தயங்கினான். அடுத்த கல்லில் காலை அகட்டினான். மூன்றாவது கல் ஆடியது, அவன் காலுக்கு அது தெரியவில்லை. குடத்தோடு விழுந்தான். குடம் சுக்குநூறானது.

"சோம்பலா?" என்று கேட்டான் அரசன்.

"கல் தெரியவில்லை, மகாராஜா. ஆனால் இதே காலோடு மண்டபத்தில் நான் நன்றாகவே நடப்பேன்."

"கூத்தனும் அங்கே நன்றாகத்தான் நடந்தான். உன் துணியை அவிழ்த்துவிடலாம். வயது எங்கள் காலில் சுற்றிய துணியை யார் அவிழ்ப்பது?"

அன்றோடு, பின்தங்கியவன் குடத்தை உடைக்கும் வழக்கம் ஒழிந்தது. ஆற்று வழியில் எல்லாரும் மெதுவாக நடப்பவனோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. தென்னவராயன் எனக்குப் புதுக் குடம் தரவேண்டும். சோம்பேறி என்று சொன்னது பிழை என்று அதே மண்டபத்தில் சொல்லவேண்டும்.

குடம் வந்தது. ஆள் மூலமாக அனுப்பினான். சொல் மட்டும் நாளை, நாளை என்று போயிற்று. அரசனும் காலமானான்.

இன்று தென்னவராயனுக்கும் வயதாகிவிட்டது. கோல் ஊன்றி என் தெரு வழியே போகிறான். தலை நிமிர்வதே இல்லை. பள்ளம் பார்த்து நடக்கிறானாம். என் வீட்டு வாசல் சமதரைதான், அங்கேயும் அவன் நிமிர்வதில்லை.

சமதரையில் நன்றாக நடக்கும் முதியவர் கரடுமுரடான வழியில் தயங்கினால், அதைச் சோம்பல் என்று சொல்லாமல் அவரோடு சேர்ந்து மெதுவாக நடக்க வேண்டும்.

மகன்கள் குடம் சுமக்கிறார்கள், குறையில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை அவன் இன்னும் எனக்குத் தரவில்லை.