சேவலுக்குப் பூட்டிய பொன்முள்

மலைக்கும் கடலுக்கும் நடுவே முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. காலைச் சோறு உண்டு கிளம்பினால் மதியச் சோற்றுக்குள் அதைக் குறுக்கே நடந்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்ன நாடு. அதை ஆதன்வேள் என்ற அரசன் ஆண்டான். போர் இல்லை, பகை இல்லை, கொள்ளை இல்லை. அரசனுக்கும் பொழுது போக வேண்டாமா? கோழி வளர்த்தான்.

சிரிக்காதீர்கள். யானை வளர்க்கும் அரசனின் நாடு தீனி போட்டே ஓட்டாண்டியாகிவிடும். கோழி வளர்ப்பவனால் யாருக்கு என்ன நட்டம்?

அரண்மனைத் தோட்டத்தில் மூன்று பெட்டைகள் இருந்தன. சிவந்தவள் குங்குமி. சாம்பல் நிறத்தவள் சாம்பி. உடம்பெல்லாம் புள்ளி வைத்தவள் புள்ளிக்காரி. மூவரிலும் குங்குமிமேல் அரசனுக்கு உயிர். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முதலில் பார்த்த முகம் அவனுடையது. அவன் நடந்தால் பின்னாலேயே நடப்பாள். அவன் உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்வாள்.

அவர்களோடு ஒரு சேவலும் இருந்தது. பெயர் வெற்றிவேந்தன். பெயர் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் சும்மா வரவில்லை. ஒரு விடியலில் தோட்டத்துக்குள் நரி புகுந்தது. சேவல் பறந்து பாய்ந்து அதன் மூக்கைக் கிழித்துத் துரத்தியடித்தது. அரசன் பூரித்துப்போனான். பொற்கொல்லரை அழைத்து, சேவலின் கால்முள் இரண்டுக்கும் கூரான பொன் உறை செய்யச் சொன்னான். செய்து வந்ததும் தன் கையாலேயே மாட்டிவிட்டான்.

அங்கேதான் பிடித்தது வினை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசன் தன் கையால் யாருக்கு அணி பூட்டினாலும், அவரைப் பற்றி அதன்பின் யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னவர் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும். பொறாமைக்காரர்கள் நல்லவர்கள்மேல் கோள் மூட்டாமல் இருக்கட்டும் என்று அரசனின் பாட்டனார் ஏற்படுத்தியது. பாவம், அவர் சேவலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

சில காலம் போனது. பெட்டைகளின் முதுகில் இறகு உதிரத் தொடங்கியது. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிறகு கொத்துக் கொத்தாக. கடைசியில் மூன்றின் முதுகும் மொட்டையாகித் தோல் தெரிந்தது. குங்குமியின் விலாவில் கீறல்களும் இருந்தன. அவள் அரசன் மடியில் ஏறுவதை விட்டுவிட்டுச் செம்பருத்திப் புதருக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தாள்.

அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. அரண்மனை வைத்தியரை அழைத்தான்.

வைத்தியர் குங்குமியைத் தூக்கிப் பார்த்தார். “அரசே, ஐப்பசி மழை வரப்போகிறது. அதற்குள் இறகு முளைத்தால் பிழைப்பாள். இல்லாவிட்டால் முதல் ஈரக்காற்றையே தாங்க மாட்டாள்” என்றார். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவச் சொன்னார். தடவினார்கள். புண் ஆறியது, குருத்திறகு அரிசி முனைபோல எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் காணாமலும் போனது.

அடுத்து மடைப்பள்ளித் தலைவி வந்தாள். “வயிற்றுக்குள் சத்து இல்லாமல் இறகு எங்கிருந்து வரும்?” என்றாள். புற்றைக் கிளறிக் கரையான் கொண்டுவந்தாள். கம்பில் கருவாட்டுத் தூள் கலந்து போட்டாள். பெட்டைகள் ஆசையாகத் தின்றன. மறுபடி குருத்து வந்தது. மறுபடி போனது.

மூன்றாவதாக அமைச்சர் வந்தார். “கோழிப்பேன் கடிக்கிறதோ என்னவோ” என்று சொல்லி, தோட்டத்து மூலையில் குழி வெட்டி அடுப்புச் சாம்பலை நிரப்பினார். பெட்டைகள் அதில் புரண்டு குளித்தன. மறுபடியும் குருத்து. மறுபடியும் மொட்டை.

மூவரும் திரும்பிப் போகும்போது சேவலை ஒரு பார்வை பார்த்தார்கள், ஒரு முறை இருமினார்கள். ஊரில் சளிக்காலம் போலிருக்கிறது என்று அரசன் நினைத்துக்கொண்டான்.

அரசி குழலியும் சொல்லிப் பார்த்தாள். “கோழி முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்களேன்.”

அரசன் அண்ணாந்து பார்த்தான். “ஆமாம் குழலி, மேகம் கூடுகிறது” என்றான். அரசி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எதுவும் மறைவில் நடக்கவில்லை. தினமும் காலையில் அரசன் கண்ணுக்கு முன்னாலேயே வெற்றிவேந்தன் பாய்ந்து ஒரு பெட்டையின் முதுகில் ஏறும். பிடரியை அலகால் கவ்வும். சறுக்காமல் இருக்கக் கால்களை விலாவில் ஊன்றும். இருப்பது மூன்றே பெட்டைகள், அதனால் திரும்பத் திரும்ப அதே முதுகுகள். அரசனோ, “பார், என்ன மிடுக்கு!” என்று கைதட்டுவான். அன்று நரியை விரட்டிய சேவலாகத்தான் அது அவன் கண்ணுக்கு எப்போதும் தெரிந்தது.

ஒரு நாள் காலை வானம் இருண்டு தூறல் போட்டது. அரசன் ஒரு சிவப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். அரசியும் அமைச்சரும் வைத்தியரும் மடைப்பள்ளித் தலைவியும் பின்னால் ஓடினார்கள். குங்குமி புதருக்கு அடியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை எடுக்க அரசன் குனிந்து கையை நீட்டினான்.

சேவலுக்கு என்ன தெரியும்? சிவப்பாக, அகலமாக ஒரு முதுகு. ஒரே பாய்ச்சல்! அரசனின் குடுமியை அலகால் கவ்விக்கொண்டு, பொன்முள் இரண்டையும் அவன் முதுகில் நன்றாக ஊன்றிக்கொண்டது.

“ஐயோ! என் முதுகில் என்ன?” என்று அலறினான் அரசன்.

வைத்தியர் வானத்தைப் பார்த்தார். மடைப்பள்ளித் தலைவி தரையைப் பார்த்தாள். அமைச்சர் இருமினார். “ஒன்றும் இல்லை, அரசே.”

“ஒன்றும் இல்லையா? உயிர் போகிறதே!”

“காற்றாக இருக்கும், அரசே.”

“காற்று குடுமியைப் பிடித்து இழுக்குமா ஐயா?”

“இந்தப் பருவத்துக் காற்று சில நேரம் அப்படி…” என்று அமைச்சர் மென்று விழுங்கினார்.

சேவல் இறங்கி, இறக்கையை அடித்துக் கூவியது. அரசன் முதுகைத் தடவிப் பார்த்தான். விரலில் இரத்தம். எதிரே குங்குமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு முறைக்கே தான் ஊரைக் கூட்டிவிட்டோம், இவள் தினமும் இதைத் தாங்கினாளே என்று தன்னையே நொந்துகொண்டான்.

“எப்போதிலிருந்து இப்படி?” என்று கேட்டான்.

அரசி முன்னே வந்தாள். “நான் சொல்கிறேன். வழக்கப்படி எல்லை தாண்டிப் போகவும் தயார். நீங்கள் பொன்முள் பூட்டிய நாளிலிருந்து இப்படித்தான். நரிக்குக் கூட இவ்வளவு காயம் இல்லை.”

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?”

“கோழிக்காக உங்களைப் பிரிந்து போக எனக்கு மனம் வரவில்லை. உங்கள் முதுகைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.”

அரசன் தலை கவிழ்ந்தான். “நீ எங்கேயும் போகாதே. போக வேண்டியது அந்த வழக்கம்தான்” என்றான். சேவலைப் பிடித்து மடியில் வைத்து, பூட்டிய கையாலேயே பொன்முள்ளைக் கழற்றினான். உள்ளே இருந்த கால்முள்ளின் கூரையும் கல்லில் தேய்த்து மழுக்கினான். “உன்மேல் தப்பில்லையடா, ஆயுதத்தைக் கொடுத்தவன் நான்” என்று தடவிக்கொடுத்து, களஞ்சியத்துப் பெரிய கோழிக்கூட்டத்தோடு சேர்த்துவிட்டான். அங்கே பெட்டைகள் ஏராளம். பாரம் ஒருத்தி முதுகிலேயே விழாது.

மூன்று பெட்டைகளையும் மடைப்பள்ளிக்குப் பக்கத்துச் சிற்றறையில் உலர்ந்த வைக்கோல் பரப்பி அதன்மேல் விட்டார்கள். அதே மஞ்சள், அதே கரையான், அதே சாம்பல். இப்போது மூன்றும் பலித்தன. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே அடுப்புச் சூட்டில் குருத்திறகு முளைத்தது, நின்றது.

அரசன் நாடெங்கும் பறையறைவித்தான்: “அரசன் அணி பூட்டியவரானாலும் குறை இருந்தால் சொல்லலாம்!” முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாளும் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் நனைந்துகொண்டே வந்து நின்றாள்.

“சாமி, நான் கடைமடைக்காரி. பேரு பூங்கோதை. ஏரித் தண்ணிய மடைத்தலைவரு மேல்மடைக்காரங்களுக்கே திறந்து விடுறாரு. எங்க பக்கம் வர்றதுக்குள்ள அடைச்சுடுறாரு. மூணு போகமா எங்க வயல்ல புல்லுதான் முளைக்குது. அவரு கையில நீங்க போட்ட காப்பு இருக்கு. அதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்.”

அரசனுக்கு முகம் வாடியது. வெள்ளம் வந்த ஆண்டு ஏரிக்கரையை உடையாமல் காத்தவர் அந்த மடைத்தலைவர். அதற்காகத்தான் காப்புப் பூட்டினான். ஆனாலும் அவளோடு நடந்தான். சேற்றில் இறங்கி, ஏரித் தண்ணீர் வராமல் புல் மண்டிக் கிடந்த வாய்க்காலைக் கண்ணால் பார்த்தான். பிறகு மடைத்தலைவரின் கையைப் பிடித்துக் காப்பைக் கழற்றினான்.

“கரையைக் காத்தீர்கள், அந்த நன்றி என்றும் உண்டு. தண்ணீரை மறித்தீர்கள், அதனால் இது இனி இல்லை” என்றான்.

அன்று மாலையே கடைமடைக்குத் தண்ணீர் பாய்ந்தது. அதன்பின் அரண்மனை வாசலில் கூட்டம்தான். உண்மையான குறைகள் வந்தன, ஒன்றுக்கும் ஆகாத குறைகளும் வந்தன. எதிர்வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிக்கூட ஒருவர் வந்து அழுதார். அரசன் எல்லாவற்றையும் கேட்டான்.

மழை விட்ட ஒரு நாள், சபை கூடியிருக்கும்போது குங்குமி குடுகுடுவென்று ஓடிவந்து பழையபடி அவன் மடியில் ஏறினாள். முதுகெங்கும் புது இறகு, இன்னும் முழுதாக விரியாத குருத்து. அரசன் ஆசை தாங்காமல் அழுத்தித் தடவினான். அவள் திரும்பி அவன் விரலில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தினாள்.

அரசன் கையை உதறிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். “குருத்தைத் தொட்டால் வலிக்கிறதாம். வாய் திறந்து சொல்லிவிட்டாள், இனி எனக்குக் கவலை இல்லை” என்றான். கையை எடுத்துக்கொண்டான். குங்குமி மடியிலேயே கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

கதை கேட்ட பிள்ளைகளே, பெரியவர்களே, இதை மனதில் வையுங்கள்: ஒருவர் செய்த நன்மைக்காக நாம் அவருக்குச் செய்யும் சிறப்பு, அவரால் துன்பப்படுகிறவர்களின் வாயை அடைப்பதாக இருக்கக் கூடாது.