சேதிக்கு ஒரு வெல்லக்கட்டி

மருதப்பன் மூச்சு வாங்க மலையேறி வந்தபோது, உண்ணாமுலை அம்மை தன் மடத்து வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் அவளுடைய பழைய சீடன். கூடவே எட்டு வயது மகள் செங்கமலம்.

"என்னடா, இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் வழி தெரிந்ததா?"

"ஒரு சந்தேகம், அம்மா."

"அது இல்லாமல் நீ எப்போது வந்திருக்கிறாய்? உட்கார். கீரையை எடு."

மகளைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இங்கே அணிலைத் தவிர யாரும் இல்லை. வாயைத் திறந்து பேசு."

"பழகிவிட்டது, அம்மா. வீட்டிலும் இப்படித்தான். சோறு போடு என்பதற்கு மேல் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. செங்கமலம் என் வாயையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள்."

"ஏனாம்?"

"ராஜாவின் பள்ளிக்கூடத்தில் காலையில் முதல் வேலை, சேதி சொல்வது. முந்தின ராத்திரி வீட்டில் பெரியவர்கள் பேசியதைப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ராஜாவைக் குறை சொன்ன சேதி என்றால் ஒரு வெல்லக்கட்டி. வகுப்பே கை தட்டும். வாசலில் நிற்கும் காவலனுக்கு வாத்தியார் சொல்லி அனுப்புவார்."

"அப்புறம்?"

"பூவாத்தாள் என்று ஒரு குழந்தை. வரி தாங்க முடியவில்லை என்று அம்மா புலம்பியதைச் சொன்னாள். மறுநாள் தலை பின்னாமல் வந்தாள்."

அம்மையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த கொத்தை எடுத்தது.

"என் மகளை எனக்குத் திருப்பித் தாருங்கள், அம்மா. அவள் தலைக்குள் ஏற்றி வைத்திருப்பதை எப்படி இறக்குவது? கொஞ்ச நாள் இங்கேயே வைத்து மாற்றிக் கொடுங்கள்."

அம்மை கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். குழந்தையைக் கூப்பிட்டாள்.

"செங்கமலம், உன் அப்பா யார்?"

குழந்தை விறைத்து நின்றது. "ராஜா முதல் அப்பா. வீட்டில் இருப்பவர் இரண்டாம் அப்பா."

"பரவாயில்லையே, இவனுக்கும் ஓர் இடம் மிச்சம் வைத்திருக்கிறார்கள்." அம்மை முறத்தை நகர்த்தினாள். "இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். உங்கள் ராஜா முட்டாள். முட்டாள் மட்டுமில்லை, பயந்தாங்கொள்ளி. பிள்ளைகளை விட்டு ஒட்டுக்கேட்கிறவன் வேறு யாராம்?"

மருதப்பன் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. "அம்மா!"

"நீ சும்மா இரு. ஏன் கண்ணு, இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வாயா?"

"நாளைக்கே சொல்வேன்."

"யாரிடம்?"

குழந்தை விரலை நீட்டியது. விரல் மருதப்பனிடம் போய் நின்றது.

"இவர்தான் எங்கள் வாத்தியார். அங்கே ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும்."

அதை மட்டும்தான் அவன் சொல்லாமல் விட்டிருந்தான். அம்மை அவனைப் பார்த்தாள். அவன் முறத்தைப் பார்த்தான்.

"பூவாத்தாளுக்கு வெல்லக்கட்டி கொடுத்தது?"

"ஐயாதான். அவள் தின்னவே இல்லை. அம்மா வந்ததும் கொடுப்பாளாம். பையெல்லாம் எறும்பு. தினமும் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். பாட நேரத்தில் பின்னினால் ஐயா திட்டுவார்."

சொல்லிவிட்டு அணிலைத் துரத்திக்கொண்டு ஓடியது குழந்தை.

"நான் கொடுக்காவிட்டால் இன்னொருவன் கொடுப்பான், அம்மா."

"கொடுப்பான். அவனும் ஒருநாள் மகளை இழுத்துக்கொண்டு மலையேறுவான்."

"என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள்! காவலனுக்குச் சொல்லி அனுப்பினால் உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அனுப்பாமல் இருந்தால், வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், யாராவது ஒன்று என்னைப் பற்றியே அவனிடம் சொல்லும்."

"சொல்லும். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாய்."

"அப்படியென்றால் இவளை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்."

"வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு யார் தலை பின்னுவது? பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் இறங்குங்கள்."

"அம்மா, நாளைக் காலையில் இவள் எழுந்து நின்று சொல்லிவிடுவாள்!"

அம்மை ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லட்டும். கேட்கப் போகிறவன் நீதானே."