மல்லாக்க மிதந்த கேசரி

ஒரு ஊர்ல ஒரு கிழவர் இருந்தாராம். மூணாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது, முட்டி வலி மட்டும் உண்டு. அதனால மனுஷன் கீழ எறங்கறதே இல்ல. காலைல மகனும் மருமகளும் ஆபீஸுக்கு, பேத்தி ஸ்கூலுக்கு. கதவு 'டப்'னு சாத்திக்கும். அப்புறம் கிழவரும் ஃபேனும்தான். அது 'கடக் கடக்'னு என்னமோ சொல்லும், இவர் பதிலே பேச மாட்டார். கேக்குறியா ஆதிரை?

"ம்."

ஆங், அப்படி 'ம்' கொட்டினாத்தான் கதை நகரும். அந்தப் பேத்தி ஒரு நாள் ஒரு தங்க மீன் வாங்கிட்டு வந்தா. நல்ல ஆரஞ்சு நிறம். அதனால அதுக்குப் பேரு...

"கேசரி. தாத்தா, இது நம்ம கேசரி கதையா?"

நம்ம கேசரிதான்டா. சாயங்காலம் செம்பருத்தித் தொட்டியில புதைச்சோமே, அதேதான். 'நான் சரியா பாத்துக்கல, அதான் செத்துப்போச்சு'ன்னு நீ சோறே வேணாம்னு வந்து படுத்துட்டே. அதனாலதான் சொல்றேன். கதையாச் சொன்னாத்தான் தாத்தாவுக்கு வாய் வருது. குறுக்க பேசாம கேளு.

"ம்."

பேத்தி கிழவர்கிட்ட கறாரா சொல்லிட்டா. 'காலைல நாலு தீனி உருண்டை, சாயங்காலம் நாலு உருண்டை. நான்தான் போடுவேன். நீங்க போடக்கூடாது.' கிழவரும் சரின்னுட்டார். ஆனா அந்த மீன் இருக்கே, இவர் கிட்டக்க போனாப் போதும், விறுவிறுன்னு வந்து தொட்டிக் கண்ணாடியில மூக்கை வெச்சு 'பப் பப் பப்'னு வாயைத் தொறக்கும். பகல் பூரா அந்த வீட்டுல அவரைப் பாத்து ஓடி வர ஆள் அது ஒண்ணுதான். நாலு உருண்டை எந்த மூலைக்கு? கோயில் குளத்துல கை கையா பொரி எறியறாங்க, மீனெல்லாம் கொழுகொழுன்னு இல்லையா? அப்போ கிழவர் என்ன பண்ணார், பொரி டப்பாவைத் தொறந்து நாலே நாலு போட்டார். 'லபக்!' அப்புறம் தினமும் 'லபக்'தான்.

"..."

'ம்' சொல்லு.

"ம்."

ஒரு நாள் காலைல பாத்தா கேசரி மல்லாக்க மிதக்குது. தலையை அமுக்கி, வாலை அடிச்சு, பாதி தூரம் கீழ போகும். 'பொளக்'னு மேல வந்துடும். திரும்பவும் போகும், 'பொளக்'. பேத்தி அப்பாவை இழுத்துக்கிட்டு மீன் கடைக்கு ஓடினா. கடைக்காரர் கேட்டாராம், 'வயிறு உப்பிப்போய் உள்ள இருக்கற காத்துப்பையை அமுக்குது பாப்பா. என்ன போட்டீங்க?' அவ வந்து கிழவரைக் கேட்டா, 'தாத்தா, நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?' கிழவர் சொன்னார், 'நானா? ம்ஹூம்.'

கடைக்காரர் மூணு வைத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார். முதல்ல, மூணு நாள் பட்டினி. அது பட்டினின்னு பேத்தியும் பிஸ்கட்டைத் தொடல. ரெண்டாம் நாள் மத்தியானம், கேசரி தலைகீழா கிடந்துக்கிட்டே கிழவரைப் பாத்து 'பப் பப்'ங்குது. அவருக்கு மனசு கேக்கல. ஒண்ணே ஒண்ணுன்னு போட்டார். போட்டது அஞ்சோ ஆறோ.

அப்புறம் பட்டாணி. பேத்தி வேகவெச்சு, தோலை உரிச்சு, மசிச்சு, துளியூண்டு குடுத்தா. கேசரி வாங்கும், 'த்தூ'ன்னு துப்பிடும்.

மூணாவது, தண்ணியைக் குறைச்சு நாலு விரல் ஆழம் வெக்கறது. அது பாவம் ரொம்ப தூரம் நீந்த வேணாமேன்னு. பேத்தி யூனிஃபார்மைக் கூட மாத்தாம உள்ளங்கையைத் தண்ணிக்குள்ள விட்டு அதை நிமித்திப் பிடிச்சுப்பா. அந்தக் கைக்குள்ள மட்டும் கேசரி நேரா நிக்கும். கையை எடுத்தா 'பொளக்'.

"என் விரல் ஊறிப்போச்சு தாத்தா."

ஊறித்தான் போச்சு, பாத்தேனே. அவ ஸ்கூலுக்குப் போனதும் கிழவர் பிடிச்சுக்கிட்டார். இன்னைக்கும் பிடிச்சிருந்தார். செவுள் அசைஞ்சுது... அசைஞ்சுது... அப்புறம் அசையல. அப்பவும் அவர் கையை எடுக்கல. எடுத்தா திரும்பவும் மல்லாந்துடுமேன்னு.

உன் பட்டாணியில தப்பில்ல கண்ணு. உன் கையிலயும் தப்பில்ல. பொரி போட்டது அந்தக் கிழவர்... கிழவர் என்ன கிழவர், நான்தான். பட்டினி போட்டப்பவும் போட்டேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன். அது என்னைத் தேடி வந்துச்சுடா. அந்த ஆசையில கெடுத்துட்டேன்.

'ம்' சொல்லு ஆதிரை.

தூங்கிட்டியா? ஃபேன்தான் சத்தம் போடுது. கோவமா? கோவப்படு, பரவால்ல. ஆனா உன் மேல மட்டும் கோவப்படாத.

"தாத்தா."

என்னடா.

"எப்படிப் பிடிச்சிருந்தீங்க?"

உன் கையைக் குடு. இதோ, இப்படி. கீழருந்து. அழுத்தாம.

"எடுத்துடாதீங்க."

எடுக்க மாட்டேன். காலைல எழுந்து இட்லி சாப்பிடுவியா?

"ம்."

அது போதும்டா எனக்கு. கதை முடிஞ்சுபோச்சு, கண்ணை மூடு. கை இங்கயேதான் இருக்கும்.