முறுக்காமல் நின்ற ஆட்டம்

கோத்தகிரியில் குணசீலன் என்றொரு தேயிலைத் தோட்ட மேனேஜர். தான் கை வைத்ததில் குறையே இருக்காது என்பது அவர் எண்ணம். அவருடைய பழைய மலைச் சைக்கிளின் முன்பக்கம் கடகடவென்று ஆடியது. ரோசம்மாவின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தன் அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டும் கிடைக்காத தோட்டத்து மேஸ்திரி, பின்னாலேயே வந்தான். மேனேஜர் ரோசம்மாவிடம் சொன்னார்:

“எல்லாத்தையும் நானே இறுக்கமா முறுக்கிட்டேன். நீ ஒரு போல்ட்டைக்கூட முறுக்கக் கூடாது. ஆனா ஆட்டம் நிக்கணும். இல்லேன்னா தோட்டத்துச் சைக்கிள் எதுவும் இனி இங்க வராது.”

“சரிங்க சார்.”

ரோசம்மா முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் விரல் வைத்தாள். அங்கேதான் தட்டியது. கழுத்தின் பக்கவாட்டில் இருந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள்.

“இப்ப கழுத்துக்கு மேல இருக்கிற மூடி போல்ட்டை நீங்களே கால் சுத்து முறுக்குங்க.”

முறுக்கினார். கழுத்து இறங்கி உட்கார்ந்தது. பக்கத்துப் போல்ட்டுகளையும் அவரையே முறுக்க வைத்தாள். ஆட்டம் நின்றுவிட்டது.

“நேத்தும் இதே மூடியைத்தானே முறுக்கினேன்?”

“பக்கத்துல இறுக்கினதைத் தளர்த்தாம, மேல இருந்து எவ்வளவு அழுத்தினாலும் கேக்காதுங்க சார்.”

மேனேஜர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

“லீவு கேட்டியே, எத்தனை நாள்?”