கனமான துப்பாக்கி

உரிமம் கைக்கு வந்த மறுநாளே செண்பகவடிவு தம் பயிற்சியாளரிடம் கேட்டார்.

"எந்தத் துப்பாக்கி வாங்கட்டும், கோச்?"

ரெஜினா இலக்கு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "பாக்கலாம் டீச்சர்" என்றார்.

அடுத்த வாரமும் கேட்டார். அதே பதில்தான் கிடைத்தது.

இந்தக் கதையில் குரு இளையவர், சீடர் மூத்தவர். ரெஜினாவுக்கு முப்பது வயது இன்னும் நிறையவில்லை. செண்பகவடிவோ திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தே தலை நரைத்தவர். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது, ஒன்றையாவது தாமே கற்றுக்கொள்வோம் என்ற எண்ணத்தில், ஊருக்கு வெளியே கல்குவாரியை ஒட்டியிருந்த துப்பாக்கிச் சுடுதளத்தில் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் அவரைக் கண்டால் மாணவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். இங்கே ரெஜினா உள்ளே வந்தால் அவர் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று ரெஜினா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, சொல்வதை நிறுத்திவிட்டார்.

குரு வாய் திறக்காததால் மற்றவர்கள் திறந்தார்கள். துப்பாக்கியைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆண்களுக்குச் சொந்தத் துப்பாக்கி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேநீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடி ஆளுக்கொன்று சொன்னார்கள். கிரானைட் வியாபாரி தளவாய், சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ எல்லாம் திருவிழாவில் பலூன் சுடுகிறவனுக்கு உரியது என்றும், அதில் சுட்டால் காக்கைகூடத் திரும்பிப் பார்க்காது என்றும், வாங்கினால் பெரிய தோட்டா போடும் பாயிண்ட் த்ரீ டூ வாங்குவதே மரியாதை என்றும் தீர்ப்பளித்தார். காக்கையின் மரியாதை தமக்குத் தேவைப்படவில்லை என்று செண்பகவடிவு பதில் சொன்னார். அதற்குப்பின் அந்த மேசையில் அவருக்குத் தேநீர் வருவது தாமதமானது.

அவர் மனம் வேறொன்றின் மேல் இருந்தது. மதுரையில் ஒரு கடையில் பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. பாயிண்ட் டூ டூதான். ஆனால் அதன் விலையில் உள்நாட்டு ரிவால்வர்கள் நான்கைந்து வாங்கிவிடலாம். குழலின் அடியில் எடைக்கட்டி பொருத்திய கனமான துப்பாக்கி. "கையில எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் இந்த எடை தின்னுடும், மேடம்" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் அதை வாங்கத் தயாரானார்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. குறிபார்க்கும்போதெல்லாம் குழலின் முனையிலுள்ள முன்குறி ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. குண்டுகள் எப்போதும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, இடப்பக்கமாகப் போய் விழுந்தன. அவருடைய அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தது. முதலில் காபி டவராவில் டம்ளர் கிலுகிலுத்தது. பிறகு கையெழுத்து கோணிற்று. கடைசி வருடங்களில் சட்டைப் பொத்தானைப் போட ஆள் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அது தொடங்கிய வயதைச் செண்பகவடிவு இப்போது எட்டியிருந்தார். துப்பாக்கி கனமாக இருந்தால், நடுக்கம் வெளியே தெரியாது. தமக்கே தெரியாமல் இன்னும் சில காலம் ஓட்டிவிடலாம்.

உரிமத்தில் ஒரு துப்பாக்கியின் எண் ஏறிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. ஆட்சியர் அலுவலகத்தில் மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்கவேண்டும். அதனால் வாங்குவது ஒன்றேதான். அதோடுதான் காலம் தள்ளவேண்டும்.

சனிக்கிழமை காலை சுடுதளத்துக்கு வந்ததும், மதுரைக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். பேருந்துக்கு நேரம் இருந்தது.

ரெஜினா மறுக்கவில்லை. "போங்க. அதுக்கு முன்னால கொஞ்சம் சுட்டுட்டுப் போங்க" என்றார்.

சுடுதளச் சங்கத்தின் பழைய ரிவால்வரை எடுத்தார். உள்நாட்டில் செய்தது, பாயிண்ட் டூ டூ, இருக்கிறவற்றிலேயே மலிவானது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள். கொஞ்சம் தேறியதும் அதைக் குறை சொல்வார்கள். ரெஜினா முதுகைக் காட்டி நின்று, தோட்டா உருளையைத் தாமே நிரப்பி மூடிக் கொடுத்தார்.

செண்பகவடிவு காதடைப்பானை மாட்டிக்கொண்டார். குறிபார்த்தார். முன்குறி அலைந்தது. சுட்டார். கீழே, இடப்பக்கம். மறுபடியும் சுட்டார். அதே இடம்.

மூன்றாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. 'டிக்' என்றொரு சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல், பெரிய மனிதரைக் கண்டவன்போல, சடக்கென்று தலையைக் குனிந்து நிமிர்ந்தது.

அவர் குழலைத் திருப்பாமல் இலக்கை நோக்கியபடியே அசையாமல் நின்றார். அது முதல்நாள் பாடம்.

"பயப்படாதீங்க. அது சுட்டு முடிஞ்ச வெறும் தோட்டா. நாந்தான் நடுவில போட்டேன்" என்றார் ரெஜினா. "குழல் என்ன செஞ்சுதுன்னு பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். வெடியும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனாலும் கை வெட்டி இழுத்திருந்தது. இத்தனை நாளும் சந்தேகமாக இருந்தது இப்போது சாட்சியோடு முன்னால் வந்து நின்றது. துப்பாக்கியை எதிரிலிருந்த மேடையில் வைத்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் கனமானதா கேக்கேன், கோச்."

"எதுக்கு?"

"எங்கப்பாவுக்குக் கை நடுங்கும்." இலக்கு அட்டையைப் பார்த்தபடியே, "எனக்கும் ஆரம்பிச்சிட்டு" என்றார்.

ரெஜினா உருளையைத் திறந்து, மீதமிருந்தவற்றை எடுத்துவிட்டு, எல்லாக் குழிகளிலும் வெறும் தோட்டாக்களையே போட்டார். இம்முறை செண்பகவடிவின் கண்ணெதிரிலேயே போட்டார். ஒவ்வொன்றின் அடியிலும் ஏற்கெனவே அடிபட்ட தழும்பு இருப்பதைக் காட்டினார்.

"இதுல ஒண்ணும் வெடிக்காது. சுடுங்க."

செண்பகவடிவு சுட்டார். 'டிக்.'

"இன்னொண்ணு."

'டிக்.'

"முடியுற வரைக்கும்."

உருளை ஒரு சுற்று வந்து முடிந்தது. முன்குறி முன்போலவே மெல்ல அலைந்தது. ஆனால் விசை விழுந்த எந்த நொடியிலும் குழல் குனியவில்லை.

"ஆடத்தான் செய்யுது" என்றார் அவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

ரெஜினா ரிவால்வரை வாங்கி, இலக்கை நோக்கி நீட்டினார். மாநில அளவில் பதக்கம் வாங்கிய கை அது. அவருக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகச் செண்பகவடிவு பார்த்தார். முன்குறி அங்கேயும் மெல்ல அலைந்தது.

"உங்களுக்கும் ஆடுதே, கோச்."

"உசிரோட இருக்கேன்லா."

செண்பகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆனா அந்த மூணாவது? குண்டே இல்லாம கை இழுத்துதே?"

ரெஜினா துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அப்ப குண்டு இருக்குன்னு நெனச்சீங்க. இப்ப இல்லைன்னு தெரியும். நோய்க்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, டீச்சர்."

குவாரிப் பக்கம் லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. செண்பகவடிவு தம் கையை விரித்துப் பார்த்தார். ஆய்வகத்தில் பியூரெட்டின் திருகைப் பிடித்து, நிறம் மாறும் அந்த ஒற்றைத் துளிக்காகக் காத்திருக்கும் தம் விரல்கள் அவர் நினைவுக்கு வந்தன. நேற்றும் அவை ஒரு துளிகூட அதிகமாக விடவில்லை. சோதனை இல்லாமல் முடிவு எழுதிய மாணவர்கள் எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். பெஞ்சில் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்த மூச்சு, அவரைக் கேட்காமலே வெளியே போயிற்று. கண் நனைந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதற்கு எது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

"டாக்டர்ட்ட காட்டணுமா?" என்று கேட்டார்.

"மனசு கேக்கலைன்னா காட்டுங்க. டாக்டர்ட்ட காட்டுங்க. துப்பாக்கிக் கடையில போய்க் காட்டாதீங்க."

பேருந்துக்கான நேரம் கடந்துபோயிருந்தது. செண்பகவடிவு மதுரைக்குத் தொலைபேசியில் பேசி, அந்த ஜெர்மன் பிஸ்டலை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார். கடைக்காரர் விலையைக் குறைப்பதாகச் சொன்னார். தேவையில்லை என்றார் செண்பகவடிவு. தேவை இல்லாமற்போனதைச் சொல்வதில் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கடைக்காரர் வேறு விதமாக எடுத்துக்கொண்டு, மேலும் குறைத்தார்.

பேசி முடித்துத் திரும்பி வந்தபோது ரெஜினா வெறும் தோட்டாக்களையும் புதிய தோட்டாக்களையும் எது எதென்று தெரியாதபடி ஒரே கிண்ணத்தில் கலந்துகொண்டிருந்தார்.

"அப்ப நான் எதைத்தான் வாங்கட்டும், கோச்?"

ரெஜினா மேடையில் கிடந்த பழைய ரிவால்வரைத் தலையசைத்துக் காட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு. சத்தம் கம்மி, வெல கம்மி. மிச்சப் பணத்துக்கு முழுக்கத் தோட்டா வாங்குங்க."

"அவ்வளவு தோட்டா எதுக்கு?"

"பயத்துக்கு அலுத்துப்போற வரைக்கும் சுட வேண்டாமா?"