கோல் போடாதவனுக்குச் சோறில்லை

கந்தமலை சமஸ்தானத்து ராஜா வீரகேசரிக்குக் கால்பந்துப் பைத்தியம். வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடியதைப் பார்த்துவிட்டு, அரண்மனையிலேயே ஒரு அணியை வைத்துச் சோறு போட்டு வளர்த்தார். அந்த அணி பக்கத்துச் சமஸ்தானத்திடம் தோற்றுவிட்டது. ராஜா கொதித்துப் போனார்.

திவான் அனந்தராயர் மெல்ல வந்தார். அவருக்கு வேலையில்லாத மைத்துனர்கள் நான்கு பேர்.

"மகாராஜா, இதுவரை ஆடிய ஆட்டங்களை எல்லாம் அலசிப் பார்த்துவிட்டேன். அதிகமாகக் கோல் போட்டபோதுதான் ஜெயித்திருக்கிறோம். கோல் காக்கிற சவரிமுத்துவும், பின்னால் நின்று தடுக்கிறவர்களும் ஒரு கோலாவது போட்டார்களா? தண்டச்சோறு! என் மைத்துனர்களைச் சேர்த்தால் கோலாகக் குவிப்பார்கள்."

ராஜா உடனே ஆணையிட்டார். "கோல் போடாத எவருக்கும் இனி அரண்மனையில் சோறு கிடையாது!"

சவரிமுத்து அவைப்புலவர் பட்சிராஜனிடம் ஓடினான். "சாமி, வர்ற பந்தையெல்லாம் நெஞ்சுல வாங்குறேனே, அது கணக்குல வராதா?"

"வரவைக்கிறேன், போ."

புலவர் சபைக்கு வந்தார். "திவானே, எதிரி கோலே போடாத ஆட்டங்களில் நாம் எத்தனை தோற்றோம்?"

"அது... ஒன்றுகூட இல்லை."

"மூன்று கோல் போட்டும் தோற்றதுண்டா?"

"உண்டு. எதிரி நான்கு போட்டுவிட்டான்."

"அந்த நான்கைத் தடுக்க ஆள் வேண்டாமா?"

ராஜா குறுக்கிட்டார். "வளவளவென்று பேசாதீர், புலவரே! ஆணை ஆணைதான்."

"உத்தரவு மகாராஜா. எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன்."

மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை காலியாக இருந்தது. சமையற்காரர் மூடிய பாத்திரத்தோடு தள்ளியே நின்றார். பக்கத்தில் புலவர்.

"எங்கேய்யா சோறு?"

"கோல் போடாதவருக்குச் சோறு கிடையாதே, மகாராஜா."

"நானா கோல் போட வேண்டும்?"

"தங்களிடமும் ஒரு கோல் இருக்கிறதே, செங்கோல்! எத்தனை பேர் தட்டிவிடப் பார்த்தார்கள்! ஒரு தடவையாவது கீழே போட்டீர்களா?"

"அதைப் போட்டால் ராஜ்யமே போய்விடுமே!"

"அப்படியானால் கோலைக் காப்பதும் ஒரு வேலைதான் இல்லையா, மகாராஜா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "சவரிமுத்துவுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் என் வரிசையிலேயே இலை போடுங்கள்! புலவரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"முதலில் ஒரு இலை, மகாராஜா. நானும் ஜன்மத்தில் கோல் போட்டதில்லை. தங்கள் ஆணைப்படி காலையிலிருந்து பட்டினி!"